படுகளத்தில் ஓர் அழுகை

பாலாற்றங்கரை ஊர்களில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா நடைபெறுவதை நம் வாசகர்கள் அறிவார்கள். பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள்கள் நடந்தேறி, நிறைவு நாள் காலையில் படுகளம் வரும். அன்று ஊர்த்திடலின் நடுவே துரியோதனன் மண்ணால் மல்லாந்து கிடப்பான். விழியும் மீசையும் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். தொடையில் செந்நீர்க் கலயம் ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். இரவெல்லாம் ஆடிய வேடம் கலையாமல் வீமனும் துரியோதனனும் அம்மண்ணுருவைச் சுற்றி ஓடி ஓடிப் போரிடுவார்கள். வீமனின் தண்டாயுதம் தொடையில் விழும், செந்நீர் தெறிக்கும், திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிவாள்.

நாம் எழுத வந்தது அதன் பின் நடப்பதைப் பற்றி. ஆம்பூரை அடுத்த ஓர் ஊரில், பங்கு மக்கள் சிலர் அழைக்க, அக்காட்சியை நாம் முதன்முறையாகக் கண்டோம். கூட்டத்தின் ஆரவாரம் அடங்கியதும், பெண்வேடமிட்ட கலைஞர் ஒருவர் மண்ணுருவின் தலைமாட்டில் அமர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழுகிறாள் என்றார் அருகில் நின்ற பெரியவர். காந்தாரி அழுவதாக அமைக்கும் ஊர்களும் உண்டு. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ஷூ கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த இளம்பெண்களும் அவர்களுள் இருந்தார்கள். சற்றுமுன் பாஞ்சாலி கூந்தல் முடிந்தபோது குலவையிட்டவர்களும் அவர்களேதாம். பிறகு அந்த மண்ணையே பிடி பிடியாக அள்ளி, வீட்டில் தானியம் பெருகும் என்று மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

பொல்லாதவன் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒருவனுக்காக ஊரே எப்படி அழுகிறது? இவ்வினா அன்று எழுந்தது. பல ஆண்டுகளாக நம்மை விடவில்லை. நாடகத் திறனாய்வாளர்கள் 'அவலநாயகன்' என்று ஒரு சொல்லை எளிதாகக் கையாளுகிறார்கள். அச்சொல்லுக்கு உண்மையில் யார் உரியவர், நம் மேடையில் யாருக்கு அது கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

கிரேக்கர்க்கும் ஆங்கிலேயர்க்கும் உரிய துன்பியல் நாடகம் நம் நாட்டில் இல்லை என்று கல்லூரிப் பாடங்களில் சொல்லிவந்தார்கள். மேடையில் சாவு கூடாது, முடிவு மங்கலமாக வேண்டும் என்னும் வடமொழி நாடக மரபை நோக்கினால் அது பெரும்பாலும் சரியே. ஆயினும் பாசன் எழுதிய ஊருபங்கம் என்னும் சிறு நாடகத்தில் தொடை முறிந்த துரியோதனன் மேடையிலேயே உயிர் விடுகிறான். பாசனின் நாடகங்களைக் கணபதி சாஸ்திரியார் கண்டெடுத்து 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தபோதுதான் அறிஞருலகம் இதை அறிந்து வியந்தது. தொண்டைநாட்டுக் கூத்து மேடைக்கோ அந்தத் தடையே இல்லை. இந்நாட்டில் பாரதம் கேட்கும் வழக்கமும் மிகப் பழையது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவரின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு நிவந்தம் குறிப்பிடுகிறது.

நம்மிடம் நாடகம் இல்லாவிடினும் இலக்கணம் இருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் அழுகையை வைத்து, அது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கின் வழியே பிறக்கும் என்கிறார். இளிவு என்பது பிறரால் இகழப்படுதல், இழவு, உற்றாரை இழத்தல், அசைவு, முன்னிருந்த நிலை கெட்டு வீழ்ந்து வருந்துதல், வறுமை வெளிப்படை. அசைவு என்னும் இந்த ஒரு சொல்லுக்குள் கிரேக்க நாடகத்தின் பாதி அடங்கிவிடுகிறது.

மறுபாதியை அரிஸ்டாட்டில் தருகிறார். முற்றிலும் நல்லவன் வீழ்ந்தால் நமக்கு அருவருப்பே மிஞ்சும். முற்றிலும் தீயவன் வீழ்ந்தால் தகும் என்போம். இரண்டுக்கும் இடைப்பட்டவன், கயமையால் அன்றித் தன் பிழை ஒன்றினால் வீழ்ந்தால்தான் இரக்கமும் அச்சமும் சேர்ந்து எழும் என்பது அவர் கருத்து. அப்பிழைக்கு அவர் இட்ட பெயர் 'ஹமார்த்தியா'. எய்த அம்பு குறி தவறுதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். குருமடத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயின்றபோது நாம் ஒன்றைக் கண்டு வியந்தோம். புனித பவுல் 'பாவம்' என்று எழுதும் இடமெல்லாம் வருவதும் இதே சொல்தான். நாடக ஆசிரியனின் பிழையும் திருத்தூதரின் பாவமும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. இக்கட்டுரையின் பிற்பகுதியில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி கர்ணனைப் பார்ப்போம். நம் பக்கத்துக் கூத்துகளில் 'கர்ண மோட்சம்' போல மக்கள் கண்ணீரை வாங்கும் கதை வேறில்லை. முகவீணையும் மத்தளமும் விடியும் நேரத்துக் குளிரில் ஒலிக்க, புஜக்கட்டையும் கிரீடமும் தாங்கிய கர்ணன், போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகன் என்று வாழ்நாளெல்லாம் அவனை இகழ்ந்தவள் அவள். சாவதற்குப் போகிறவன் அப்போதுதான் தன் பிறப்பை அவளிடம் சொல்கிறான். தொல்காப்பியரின் இளிவுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கல்வியும் ஆற்றலும் இருந்தும் பிறப்பின் பெயரால் அவையில் தலைகுனிய வைக்கப்பட்ட ஒருவனின் கதை, தோல் தொட்ட கை என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் இவ்வட்டாரத்தில் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

சோபோக்ளிசின் எதிப்பசுவோடு இவனை ஒப்பிட்டால் ஒற்றுமை கண்ணில் படும். இருவரும் பிறந்தவுடன் பெற்றோரால் கைவிடப்பட்டவர்கள்; இருவரையும் பிறர் எடுத்து வளர்த்தார்கள்; இருவருக்கும் பிறப்பின் உண்மை பிற்காலத்தில் தெரியவருகிறது. ஆனால் உண்மை தெரிந்ததும் எதிப்பசு நிலைகுலைந்து தன் கண்களையே அழித்துக்கொள்கிறான், கர்ணனோ நிலைபெறுகிறான். குந்தி வந்து மகனே என்றபோதும், தனக்குச் சோறும் முடியும் தந்த நண்பனை விட்டு வர மறுக்கிறான். நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை என்று வரம் கொடுக்கிறான். தான் களத்தில் விழும் நாளில் மடியில் எடுத்துப் போட்டு, இவன் என் மகன் என்று உலகறிய அழ வேண்டும் என்பதே அவன் திரும்பக் கேட்கும் வரம். அழப்படுவதற்கான உரிமையை முன்கூட்டியே கேட்டு வாங்கிய நாயகன் உலக நாடக மேடையில் வேறு எவனும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் கர்ணனை நாம் அளவுக்கு மீறித் தூய்மைப்படுத்திவிட்டோம். 1964இல் பி. ஆர். பந்துலு இயக்கி வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் இதில் பெரும் பங்கு வகித்தது. சிவாஜி கணேசனின் நடிப்பைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பாரதத்தில், சூதாட்ட அவையில் பாஞ்சாலியின் ஆடையைக் களையச் சொல்லி ஏவியவர்களுள் கர்ணனும் ஒருவன் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? தீங்கு இழைக்கப்பட்டவனாக மட்டும் அவனைக் காண்கிறோம். தீங்கு இழைத்தவனாகக் காண மறுக்கிறோம். அப்போது இரக்கம் மிகுகிறது, அச்சம் போய்விடுகிறது. அவன் எய்த நாகக்கணை, கண்ணன் தேரை அழுத்தியதால் குறி தவறி முடியைத் தட்டிச் சென்றது என்பது கதை. ஆனால் அவனது உண்மையான குறி தவறல் குருக்ஷேத்திரத்தில் நடக்கவில்லை. அந்த அவையில், அவன் நாவில் நடந்தது.

துரியோதனன் நிலை வேறு. அவனைத் தூய்மைப்படுத்த எவரும் முயன்றதில்லை. அவனது பேராசையும் பொறாமையும் பதினெட்டு நாள் கூத்தில் ஒளிவுமறைவின்றி ஆடப்படுகின்றன. அவனருகில் ஷேக்ஸ்பியரின் மெக்பெத்தை நிறுத்தலாம். பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் தாம் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபைக்காக மெக்பெத்தை 'மகபதி' என்றும் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் தமிழாக்கினார். நகரத்துப் படித்தவர்கள் துன்பியல் நாயகனை அறிந்தது அவ்வழியே. மெக்பெத்தும் துரியோதனனும் நிலத்துக்காக உறவைக் கொன்றவர்கள். ஆனால் மெக்பெத் இறுதியில் தனியன். மனைவி இறந்த செய்திக்குக்கூட அழ அவனுக்கு நேரமும் இல்லை, நெஞ்சும் இல்லை. துரியோதனனுக்கோ கடைசி வரை உறவு இருக்கிறது. பிறப்பைக் கேளாமல் ஒருவனை அங்கநாட்டுக்கு அரசனாக்கியவன். மனைவியின் மேகலை மணி அறுந்து சிதறியபோது நண்பனை ஐயுறாமல் பொறுக்கவா கோக்கவா என்று கேட்டதாகத் தமிழ்மரபு போற்றும் தோழன். இறந்தோரை எழுப்பும் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு அவன் நீருக்குள் மறைந்திருந்தான் என்று வில்லிபாரதமும் கூத்தும் சொல்கின்றன. கோழையின் ஒளிவாக அதை நாம் காணவில்லை. மாண்டுபோன தம்பியரையும் கர்ணனையும் திரும்பப் பெற வேண்டும் என்ற ஏக்கமே அவனை நீருக்குள் இருத்தியது. வீமனின் ஏளனம் பொறாமல் மந்திரம் நிறைவேறுமுன் எழுந்துவிடுகிறானே, அங்கே அவன் தன் குணத்தால் மீண்டும் ஒருமுறை வீழ்கிறான்.

பாசனின் நாடகத்தில் இன்னும் ஒரு காட்சி உண்டு. தொடை முறிந்து கிடக்கும் தந்தையைத் தேடி வந்த சிறுவன் துர்ச்சயன், வழக்கம்போல் மடியில் ஏறி உட்கார வருகிறான். உட்காரத் தொடை இல்லை. அதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறும் அந்த மன்னனை எந்தக் கல்நெஞ்சனும் வெறுக்க முடியாது. பின்பு அவன் மகனிடம், பாண்டவரைத் தந்தையராகக் கருதிப் பணி செய் என்கிறான். பழிவாங்கக் கொதித்து நிற்கும் அசுவத்தாமனையும் தடுக்கிறான். சாவின் விளிம்பில் குறி திருந்துகிறது. ஐம்பது வயதைக் கடந்த நாம் இந்நாடகத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுவனிடம்தான் வந்து நிற்கிறோம்.

எனவே, கர்ணன் இரக்கத்தைத் தருகிறான். துரியோதனன் இரக்கத்தோடு அச்சத்தையும் தருகிறான். அவலநாயகன் என்னும் பெயருக்கு அவனே மிகுந்த உரிமையுடையவன் என்பது நம் துணிபு. இராவணனையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' தமிழகத்திலும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய 'இராவணேசன்' இலங்கையிலும் அவனை அவ்வாறே நிறுத்தின. ஆனால் அவை ஒரு கட்சிக்கு எதிராக மறுகட்சி எடுத்து வழக்காடுவனபோல் நமக்குப் படுகின்றன. படுகளத்துப் பெண்கள் வழக்காடவில்லை, அழுதார்கள்.

இப்போது நம் சொந்த மேடைக்கு வருவோம். நம் பங்குகளில் புனித வாரத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் நடைபெறும் பாஸ்கா நாடகத்தில் யூதாசு இஸ்காரியோத்து எவ்வாறு வருகிறான்? நாம் பணியாற்றிய பங்குகளில் கண்டதையே சொல்கிறோம். பணப்பையைக் குலுக்கிக்கொண்டு கோணல் நடையோடு வருகிறான், சிறுவர்கள் கூவுகிறார்கள். கடைசியில் கரிபூசிய பேய்கள் நான்கு வந்து, ஆர்மோனியக்காரர் வேகமெட்டு வாசிக்க, அவனைச் சுற்றிக் குதித்து இழுத்துச் செல்கின்றன. பாஸ்காவில் கூட்டம் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரே இடம் அதுதான். பேதுருவுக்கோ சேவல் கூவியதும் நீண்டதொரு சோகப்பாட்டு. யூதாசு வேடத்துக்கு ஆள் கிடைப்பதும் அரிது. ஒருமுறை அவ்வேடம் போட்டவரைப் பல ஆண்டுகள் அப்பெயராலேயே ஊரார் அழைத்ததை நாம் அறிவோம். துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டிய பின்பே சேலையில் கை வைப்பார். தீயவனாக நடிப்பவன் தீயவன் அல்லன் என்பதைக் கூத்து மேடை சடங்காகவே காத்து வைத்திருக்கிறது. நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தை ஒரு நாடகக் காட்சியாக எண்ணிப் படித்துப் பாருங்கள். இயேசுவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டு யூதாசு மனம் வருந்துகிறான். முப்பது வெள்ளிக்காசுகளையும் திருப்பிக் கொண்டுவருகிறான். குற்றமற்றவரின் இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்திறந்து அறிக்கையிடுகிறான். இங்கே கிரேக்க மூலத்தில் அவன் சொல்லும் வினை 'ஹேமார்த்தோன்'. நாம் முன்பு கூறிய ஹமார்த்தியாவின் உடன்பிறப்பு. லூக்கா 15இல் ஊதாரி மைந்தன் தந்தையின் முன் நின்று சொல்வதும் இதே சொல், இதே வடிவம். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒருவன் தந்தையிடம் சொன்னான்; அவர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். மற்றவன் குருக்களிடம் சொன்னான். அது எங்களுக்கென்ன, உன் பாடு என்று விட்டார்கள்.

யூதாசு பாவ அறிக்கை செய்ய வந்தது குருக்களிடம். கதவை அடைத்தது குருக்கள். குருவாகிய நாம் இந்த இடத்தை எளிதாகக் கடந்து செல்ல இயலாது. அதற்கொரு காரணமும் உண்டு.

இரண்டாயிரத்தின் முதலாண்டுகளில், இளங்குருவாக நாம் இருந்த ஒரு பங்கில், தோல் பதனிடும் ஆலை ஒன்றில் வேலை செய்த இளைஞன் ஒருவன் கடன் தொல்லையால் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். மாலையில் பெரியவர்கள் சிலர் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். கோயில் மணி அடிக்கக் கூடாது, உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது, பழைய வழக்கத்தை மாற்றக் கூடாது என்றார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் மனமறிந்து தன்னுயிர் நீத்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்திருந்தது; 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அத்தடை இல்லை. தற்கொலை செய்துகொண்டோரின் நிலைவாழ்வு குறித்து நம்பிக்கை இழக்கலாகாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்று 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு சொல்கிறது. இவை அனைத்தும் நமக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறோம். ஆனாலும் அந்தப் பெரியவர்களுக்கு அஞ்சினோம். உடலைக் கோயிலுக்குக் கொண்டுவரவில்லை. கல்லறையில் ஐந்து நிமிடத்தில் மந்திரித்து முடித்தோம். அவனுடைய தாய் வாய்விட்டு அழத் தொடங்கியபோது, உறவினர் ஒருவர் அவள் தோளைப் பற்றிச் 'சத்தம் போடாதே' என்றது நம் காதில் விழுந்தது. நாம் குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உன் பாடு என்று வாய்திறந்து சொல்லவில்லை, அவ்வளவே வேறுபாடு.

படுகளத்தில் பெருந்திருவாள் ஊரறிய அழுததைக் கண்டபோது நமக்கு அந்தத் தாயின் நினைவே வந்தது. மண்ணால் செய்த பகைவனுக்குக் கிடைத்த ஒப்பாரி, நம் பங்கின் மகனுக்குக் கிடைக்கவில்லை.

யூதாசை அவலநாயகன் ஆக்கினால் காட்டிக்கொடுத்த பாவம் நீர்த்துப்போகாதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தாந்தே தம் காவியத்தில் நரகத்தின் அடித்தட்டில் சாத்தானின் வாய்க்குள்ளேயே யூதாசை வைத்தார். ஆனால் கூத்து மேடை துரியோதனனை மன்னிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்டாயுதம் விழத்தான் செய்கிறது. கூந்தல் முடியப்படத்தான் செய்கிறது. தீர்ப்பில் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. தீர்ப்பு முடிந்த பிறகு அழுகை வருகிறது. அழுகை தீர்ப்பை மாற்றுவதுமில்லை, தீர்ப்பு அழுகையைத் தடுப்பதுமில்லை. தீர்ப்போடு திரையை விழவிடுகிற நம் பாஸ்கா, நாடகம் என்ற அளவிலேயே குறைபட்டது. அது யூதாசைக் கண்டு நம்மை அஞ்ச வைப்பதில்லை. அவன் வேறு, நாம் வேறு என்று மகிழ வைக்கிறது. நானாக இருப்பேனோ ஆண்டவரே என்று இராவுணவு மேசையில் பன்னிருவரும் கேட்ட அச்சம் நம் மேடைக்கு வந்து சேரவேயில்லை.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 18 அக்டோபர் 2006 அன்று நிகழ்த்திய புதன் மறைக்கல்வி உரையில், யூதாசின் மனவருத்தம் அவநம்பிக்கையாகத் திரிந்தது என்று சொன்னார். ஆயினும் அளவற்ற இரக்கமும் நீதியும் உள்ள கடவுளின் இடத்தில் நம்மை வைத்து அவனுடைய செயலுக்குத் தீர்ப்பிடுவது நமக்கு உரியதன்று என்றும் அவ்வுரையிலேயே சொன்னார். பிரான்சு நாட்டு வெசெலே என்னும் ஊரில், மகதலா மரியாவின் பெருங்கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தூண் தலைப்பு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்தில் உயிரிழந்த யூதாசு. மறுபக்கத்தில் அவனது உடலைத் தோளில் சுமந்து செல்லும் ஒருவர். அவர் நல்லாயன் என்றே பலர் கொள்கிறார்கள். திருத்தந்தை பிரான்சிசும் அச்சிற்பத்தை எடுத்துக்காட்டிப் பேசியதுண்டு. பெயர் தெரியாத அந்தச் சிற்பி, குந்தி மடியில் கிடந்த கர்ணனைக் கண்டதில்லை. கண்டிருந்தால் அடையாளம் தெரிந்துகொண்டிருப்பான்.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கு இளைஞர்கள் பாஸ்காவுக்கு ஒத்திகை பார்த்தபோது, பேய்க்காட்சியை நீக்கிவிடலாமா என்று கேட்டோம். கூட்டம் சிரிப்பதற்கு வேறு இடமில்லையே என்று தயங்கினார்கள். பின்பு ஒத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் யூதாசின் தாய் வந்து அழுவதாக வைக்கலாம் என்றது அவர்களுள் ஒருவனின் யோசனை. விவிலியத்தில் அப்படியொரு தாய் இல்லை. ஆனால் தாயில்லாமல் எவனும் பிறந்ததில்லை. இழவு வீடுகளில் ஒப்பாரி வைத்துப் பழகிய மூதாட்டி ஒருவரை அழைத்தோம். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

"அழுவுறேன் சாமி. ஆனா பேரைச் சொல்லி அழுவலாமா, வாணாமா?"

சொல்லியே அழுங்கள், அம்மா என்றோம்.